அவசரம் லேது

ரோஸ்லின் அக்கா போய்விட்டார் என்று மகளிர் சங்கத்துப் பெண் ஒருத்தி காலையில் வாசலில் நின்று சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்துக்கொண்டே அழுதேன். ஞாயிறுதோறும் அவரோடு ஆஸ்பத்திரி வார்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த சங்கத்துப் பெண்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எப்படி உங்களோடு சேர்ந்தேன் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

கல்யாணமாகி செகந்திராபாத் பக்கம் சனத்நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. "பாஷை தெரியாத ஊரு, தனியா எங்கயும் போகாத" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். பகலெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன். ஒருநாள் சங்கத்துப் பெண்கள் கதவைத் தட்டி, "ஏமைனா அவசரமா?" என்று கேட்டார்கள். பேச ஆள் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தவள் நான். நிதானமாக உட்கார்ந்து பேசட்டும் என்று, இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே தெலுங்குச் சொல்லைச் சேர்த்து, "அவசரம் லேது" என்றேன். முகம் சுண்டிப்போய்த் திரும்பினார்கள். பிறகு யாரும் என் கதவைத் தட்டவில்லை.

குழாயடியில் ஒருநாள் ரோஸ்லின் அக்காதான் தமிழில் பேசினார். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். "கைக்கு டி, எதுக்கு அவங்கள விரட்டுனே?" என்றார். நடந்ததைச் சொன்னதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அடிப் பைத்தியமே, தெலுங்குல அவசரம்னா தேவை. உதவி வேணுமான்னு கேக்க வந்தவங்கள, தேவையில்லைன்னு அனுப்பியிருக்கே!"

அந்த ஞாயிறே என் கணவர் முன் வந்து நின்றார். "தம்பி, கஞ்சிப் பாத்திரம் கனமா இருக்கு. இவள அனுப்புங்க." அவரால் மறுக்க முடியவில்லை. வார்டில் நான் ஊமையாக நின்றால் அக்காவுக்குப் பிடிக்காது. "சும்மா நிக்கிறது நக்கோ, கூடாது. தப்பாவாச்சும் பேசு" என்பார்.

அவர் வீட்டிலும் இதே கதைதான் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "அந்தப் பொண்ணுக்குப் பாஷை தெரியாது, கூடப் போகணும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் வருவாராம். கேட்டபோது, "ஹவ், ஆமா, உன்னச் சாக்கு வச்சுத்தான் நானும் தப்பிச்சேன்" என்றார். அன்றும் கஞ்சி ஊற்றி முடித்ததும் இருவரும் அவரவர் வீட்டுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டோம்.

வார்டில் பிழையாகப் பேசிப் பேசி வந்த தெலுங்குதான் அவர் எனக்கு விட்டுப்போனது என்று நினைத்திருந்தேன். அடக்கத்துக்குக் கிளம்பியபோது கணவர் கேட்டார்: "யார் கூடப் போறே?"

"தனியாத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.