அடுப்பு வேலை செய்யாத நாள்

திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு கம்பனி விடுதியில் நான் சமையற்காரனாக இருந்தேன். யுத்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. குசினியில் நாங்கள் இரண்டே பேர். மற்றவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். தம்பலகாமத்தில் வீடும் சொந்த வயலும் வைத்திருந்தவர். வயல் பக்கம் போக முடியாத நிலை வந்தபிறகு பாத்திரம் கழுவவும் கூட்டவும் எங்களிடம் வந்து சேர்ந்தார். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை.

எங்கள் அடுப்பு மின்சார அடுப்பு. மேலே நான்கு தட்டு, கீழே கேக் சுடும் போறணை. அதற்கென்று சுவரில் தனியாக ஒரு பெரிய சுவிச் இருந்தது. அதைப் போட்டால் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு லைற் எரியும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் வந்தார்கள். அவர்களோடு ஒரு படை அதிகாரியும் வருவதாக இருந்தது. குசினியில் ஒரு தூசி கண்ணில் படக்கூடாது என்று விடுதிப் பொறுப்பாளர் காலையிலேயே கத்திவிட்டுப் போனார். அவரும் எங்கள் ஊர்த் தமிழர்தான். நான் அடுப்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தேன். அண்ணை பின்னால் நுழைந்து கூட்டினார். பிறகு முழங்காலால் உந்தி அடுப்பைச் சுவரோடு தள்ளினேன்.

ஒன்பது மணிக்குச் சுவிச்சைப் போட்டேன். சிவப்பு லைற் எரிந்தது. அடுப்பு சுடவில்லை. நான்கு தட்டையும் மாறி மாறித் திருகினேன், போறணையைத் திருகினேன், ஒன்றும் இல்லை. பியூஸைக் கழற்றிப் பார்த்தேன். கம்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் புதுக்கம்பி கட்டிப் போட்டேன். சுவர்ச் சுவிச்சில் கரண்ட் பார்க்கும் ரெஸ்ரரை வைத்தால் அதுவும் எரிந்தது. பொறுப்பாளரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"கரண்ட் வருகுது சேர். அடுப்புக்குள்ளதான் ஏதோ பிழை. பின்தகட்டைக் கழட்டிப் பாக்கட்டே?"

"தொடாதை. வெளிநாட்டுச் சாமான். கிண்ணியாவிலயிருந்து ஆளைக் கூப்பிடுறன்."

கிண்ணியா மின்வேலைக்காரர் படகுத்துறை கடந்து, சோதனைச் சாவடி கடந்து வரவேண்டும். அன்றைக்கு வரமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே கொல்லைப்புறத்தில் கல் வைத்து விறகில் சமைத்தோம். அண்ணைதான் விறகு கொத்தினார், ஊதினார், புகையில் கண் சிவக்க நின்று நண்டுக்கறியைக் கிண்டினார். சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தியது.

நான் சோற்றுத் தட்டோடு உள்ளே போனபோது பொறுப்பாளர் விருந்தாளிகளிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஓரளவு விளங்கும். அடுப்பை ஆரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள், இந்தக் காலத்தில் வேலைக்காரரை நம்பவா முடிகிறது என்று சொல்லிச் சிரித்தார். பிந்தியதற்கு ஒரு சாட்டு, அவ்வளவுதான். கம்பனிக்காரரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆர் என்று கேட்டார்.

பொறுப்பாளரின் முகம் வெளுத்தது. சொன்னதைத் திருப்பி எடுக்க அவருக்கு அந்த இடத்தில் துணிவு வரவில்லை. குசினிக்குள் வந்தார், பின்னால் ஒரு சிப்பாயும் வந்தான்.

"காலமை அடுப்புக்குப் பின்னால ஆர் போனது?"

அண்ணை வெளியே சட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "அண்ணைதான் கூட்டினவர்."

அது பொய் இல்லை. இத்தனை வருடமும் அந்த ஒன்றைத்தான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அடுப்பை இழுத்தது நான் என்பதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அண்ணையைக் கொல்லைப்புறத்தில் குந்த வைத்திருந்தார்கள். அவர் கிண்டிய கறியில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. அதிகாரி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கடைசியில் ஜீப்பில் ஏற்றும்போது அண்ணை என்னைப் பார்த்து, "தம்பி, வீட்டுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றார். என்னத்துக்காகக் கொண்டுபோகிறார்கள் என்று அப்போதும் அவருக்குச் சரியாக விளங்கவில்லை.

அடுத்தநாள் முற்பகல் மின்வேலைக்காரர் வந்தார். வயதான முஸ்லிம் மனிதர், நான் நானா என்று கூப்பிடுவேன். சுவிச்சை நிறுத்தி, அடுப்பை மெதுவாகத் திருப்பி, பின்தகட்டின் நான்கு ஆணியையும் கழற்றினார். உள்ளே பார்த்த உடனேயே சொன்னார்:

"வாற வயர் சரியா இருக்கு. திரும்பிப் போற வயர் கழண்டு கிடக்கு. அதுதான் லைற் எரிஞ்சும் அடுப்பு சுடல்ல."

"கூட்டேக்க தட்டுப்பட்டிருக்குமோ நானா?"

"கூட்டுற தும்புத்தடி பட்டு இது கழராது. ஆணி ஏற்கெனவே இளகி இருந்திருக்கு. ஆரோ அடுப்பைப் பிடிச்சு இழுத்திருக்காங்க." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வயரைச் செருகி ஆணியை முறுக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு தட்டும் சுட்டன.

அண்ணைக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"என்ன பிழையெண்டு நான் எழுதித் தாறன். ரெண்டு பேரும் பொறுப்பாளரோட முகாமுக்குப் போவம். நீங்க இழுத்ததெண்டு சொன்னா விட்டிருவாங்க."

"என்னை ஏத்துவாங்கள் நானா."

"ஓம். அப்பிடியும் நடக்கலாம்."

அவர் எழுதித்தான் தந்தார். நான் அந்தத் தாளைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார், மடித்தார், காற்சட்டைப் பைக்குள் வைத்தார். "இப்ப இதைக் கொண்டுபோனா நான் பொய் சொன்ன மாதிரியாகும். அடுப்பு திருந்தீட்டுதுதானே, வேலையைப் பார்." அன்றைக்கு மத்தியானம் அந்த அடுப்பில் எனக்கு நானே முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். பசித்தது.

மூன்றாம் நாள் அண்ணையின் மனைவி மூத்த மகளோடு வந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை, வேறு ஆரோ சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பாளர் அவர்களை உள்ளே விடவில்லை. காலை முதல் பின்னேரம் வரை படலைக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். பிறகு பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "வேலையை விட்டுப் போயிட்டார், எங்கயெண்டு தெரியாதெண்டு சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை. "நீங்களும் அதே குசினியிலதானே நிக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. எனக்கு ஒண்டும் தெரியாது."

மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு போயிருந்தேன்.

பதினேழு நாள் கழித்து அண்ணையை விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்றும் தெரியாது. நேரே விடுதிக்கு வந்து வேலை கேட்டார். வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை, ஒரு காது கேட்கவில்லை. பொறுப்பாளர் அவரை அடுப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"போடு பாப்பம். இந்தமுறை எரியுதோ எண்டு பாப்பம்."

அண்ணை இடது கையால் சுவிச்சைப் போட்டார். பழக்கமில்லாத கை, இரண்டாம் முறைதான் விழுந்தது. வாசலில் நின்ற ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்டால், பொறுப்பாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

சட்டி கழுவ அவரால் ஏலவில்லை. இரண்டு கோப்பைகள் உடைந்தன. இனி வரவேண்டாம் என்று அன்றைக்குப் பின்னேரமே சொல்லிவிட்டார்கள். உடுப்புப் பையை எடுக்க வந்தவர் குசினி வாசலில் நின்று கேட்டார்:

"தம்பி, கடைசியில அது என்ன பிழையாம்?"

"வயர் ஒண்டு கழண்டு கிடந்தது அண்ணை. பழசுதானே, தன்ரபாட்டில கழண்டிருக்கு."

"அதைத்தான் நானும் அவங்களிட்டச் சொன்னனான்" என்றார். "தம்பி சும்மா இழுத்தவர், அவரிலயும் பிழையில்லை, ஏதோ கழண்டிருக்கும் எண்டு. அவங்களுக்குத் தமிழ் விளங்கேல்லை."

என் பெயரை அங்கே சொல்லியிருக்கிறார் என்று அறிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயம். என்னைத் தேடி வருவார்களோ என்ற பயம். வெட்கம் எத்தனையோ நாள் பிந்தித்தான் வந்தது.

அண்ணை பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தம்பலகாமம் போகும் கண்டி வீதிப் பக்கமாக நடந்தார். தேநீர் குடித்துவிட்டுப் போங்கோ என்றுகூட நான் சொல்லவில்லை. பிறகும் இரண்டு வருடம் அங்கே சமைத்தேன். தம்பலகாமத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம். நான் போகவே இல்லை.