எண்ணூர் ஓடாவியும் இருபத்திரண்டு பலகைகளும்

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வேலூரிலிருந்து புறப்பட்டோம். நான், என் மனைவி சௌந்தரம், வாங்கி மூன்று மாதமே ஆன ஒரு பழைய மோட்டார் லாரி. ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி விற்பது என் தொழில். அதுவரை ரயிலிலும் மாட்டு வண்டியிலும் பெட்டிகளை ஏற்றி இறக்கியே காலம் கழிந்தது. பாதிக் கண்ணாடிகள் வழியிலேயே விரிசல் விடும். லாரியையே வீடும் கடையுமாக ஆக்கிக்கொண்டு இருவரும் சேர்ந்து போவதென்று முடிவு செய்தோம். ஆனால் அதன் பின்பக்கம் வெறும் தகரக் கூண்டு. வெயிலில் உள்ளே கை வைக்க முடியாது.

"உள்ளே பூரா மரம் அடிச்சாத்தான் நான் வருவேன். இல்லேன்னா நீங்க மட்டும் போய் வெந்துட்டு வாங்க" என்று சௌந்தரம் சொல்லிவிட்டாள்.

புதுத் தேக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ராயபுரத்தில் உடைத்த கப்பல்களின் மரம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எங்கள் தெரு ரயில்வே குமாஸ்தா சொன்னார். சொன்னவர் அதோடு நிற்கவில்லை. "தட்டிப் பார்த்து வாங்கு, திருப்பிப் பார்த்து வாங்கு, வாங்கின பிறகும் ஒரு தடவை எண்ணிப் பார்" என்றார். எண்பத்தைந்து மைலும் அந்த வார்த்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

பகல் ஒன்றரை மணிக்கு ராயபுரம். பூந்தமல்லியில் கேலன் ஒரு ரூபாய் மூன்றணா வீதம் பெட்ரோல் போட்டதைத் தவிர வழியில் எங்கும் நிற்கவில்லை. துறைமுகத்துக் கரித்தூள் காற்றோடு வந்து பல்லில் நறநறத்தது. ரயில் நிலையத்தைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பினால் வரிசையாக மரக்கடைகள். பாய்மரத் துண்டுகள், இரும்புச் சங்கிலிகள், கதவுகள், ஏணிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு கடை வாசலில் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் வெள்ளை வேட்டியோடு நின்றிருந்தார். பெயர் ஞானமுத்து. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தார்கள்.

"வாங்க ஐயா. மோட்டாருக்கா? நம்மகிட்ட தோதான மரம் கெடக்கு" என்று உள்ளே கூட்டிப்போய், சீவி எண்ணெய் தடவிய தேக்குப் பலகைகளைக் காட்டினார். சந்தன நிறம், நெருக்கமான ரேகை. "இது பூராவும் கேப்டன் ரூம்பு மரம்லா. தண்ணியே பாத்திருக்காது."

"கப்பல் மரம், தண்ணி பாக்காததா?" என்றாள் சௌந்தரம்.

"அம்மா நல்லாத்தான் கேக்காக" என்றார் அவர். அடுத்த பலகையை எடுத்துக் காட்டினார்.

இருபத்திரண்டு பலகை, முப்பத்தெட்டு ரூபாய். பேரம் பேசி முடித்ததும் பித்தளை வளையம் போட்ட வட்டக் கப்பல் ஜன்னல் ஒன்றைத் தூக்கி, "இது கொசுறு" என்று லாரியில் வைத்தார். சௌந்தரத்தின் முகம் மலர்ந்தது. எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. நானும் வியாபாரிதான். கேட்காமல் கொசுறு கொடுப்பது எப்போது என்று எனக்குத் தெரியும்.

"கூரை வளைஞ்சு கெடக்கு. சாதா ஆசாரிக்குக் கை வராது. எண்ணூர்ல துலுக்காணம்னு ஒரு ஓடாவி, படகு கட்டுறவன். நான் அனுப்பினேன்னு சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. விற்றவனே வேலைக்காரனையும் கைகாட்டுகிறான் என்றால் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. இதையும் மனத்தில் முடிந்துகொண்டேன்.

மாலை ஐந்து மணிக்குத் திருவொற்றியூர்ச் சத்திரத்தில் இறங்கினோம். லென்ஸ் அறுக்கும் வைரமுனையை எடுத்து, ஒவ்வொரு பலகையின் பின்பக்க மூலையிலும் அரிசி அளவில் ஒரு கீறல் போட்டேன். சௌந்தரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எதுக்கு?"

"நம்ம பலகை நம்மகிட்டதான் இருக்கான்னு தெரிய."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. எண்ணூர்ச் சாலை பாதி மண், பாதி மணல். ஒரு பக்கம் உப்பளங்கள், மறு பக்கம் சவுக்குத் தோப்பு. கால்வாய்க் கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் உட்கார்ந்து துலுக்காணம் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் பென்சில். நான் விஷயத்தைச் சொன்னதும் கீழே இறங்கி, பலகைகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினார். தட்டித் தட்டி இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார்.

"என்ன மேஸ்திரி, பலகை எப்படி?"

"கீது."

"நல்லதா?"

"வேலையப் பாத்துட்டு நீ சொல்லு நைனா" என்று சொல்லிவிட்டு, அளவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் ஏறிவிட்டார்.

என்னிடம் பேசாதவர் சௌந்தரத்திடம் நன்றாகவே பேசினார். மடக்கிச் சுவரோடு சாத்தும் கட்டில், லென்ஸ் பெட்டிகள் குலுங்கினாலும் விழாதபடி விளிம்பு வைத்த அலமாரி, அடுப்புக்கு ஒரு தகரம் போட்ட மூலை என்று அவள் சொல்லச் சொல்லத் தரையில் கோடு இழுத்தார். "தலைய எந்தாண்ட வெச்சிப் படுப்பே ம்மா?" என்று கேட்டார். அவள் காட்டிய பக்கத்துக்கு நேராக வட்ட ஜன்னலை வைத்துப் பார்த்து, "காத்து மூஞ்சிக்கு வர்ணும்" என்றார். அந்த ஒரு கேள்வியில் அவள் அவரை நம்பிவிட்டாள். நான் நம்பவில்லை. நாளுக்கு ஒன்றேகால் ரூபாய் கூலி பேசி, லாரியை அங்கேயே விட்டுவிட்டுப் பகல் ரயிலில் திருவொற்றியூர் திரும்பினோம். டிக்கெட் ஆளுக்கு ஓரணா.

புதன்கிழமை பத்து மணிக்குப் போனபோது கூண்டின் இடது பக்கம் முழுவதும் பலகை ஏறியிருந்தது. வளைவான கூரைக்குப் படகின் விலா எலும்புகள் போலச் சட்டங்கள் வளைந்து நின்றன. குங்கிலிய மணம். சௌந்தரம் உள்ளே ஏறிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் வெளியில் மீதமிருந்த பலகைகளைத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்று இருந்தன. ஒன்றில்கூட என் கீறல் இல்லை.

"நேத்து எங்கேயாவது போயிருந்தீங்களா மேஸ்திரி?"

"பட்டணத்தாண்ட போயி வந்தேன்."

"எதுக்கு?"

"ஆணி வாங்க." அதைச் சொல்லும்போது அவர் கால்வாயைப் பார்த்தார்.

கால்வாயில் காலிப் படகு ஒன்று கட்டிக் கிடந்தது. அதன் உள்தட்டில் புதிதாக மரத்தூள். என் பலகைகள் அதில்தான் ஏறிப் போயிருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணாச்சி ஒரே மரத்தை எத்தனை பேருக்கு விற்கிறாரோ!

சத்திரத்துக்குத் திரும்பும் வழியில் சௌந்தரத்திடம் சொன்னேன். "அவரையே கேளுங்களேன்" என்றாள்.

"கேட்டா எந்தத் திருடன் ஆமாம்னு சொல்லுவான்?"

"நீங்க கேக்கலியே இன்னும்."

வியாழக்கிழமை காலை ஏழரை மணி ரயில். எங்களுக்கு எதிரில் சீருடையில் ஒரு ஏட்டு வந்து உட்கார்ந்தார். எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டார். சௌந்தரம் என் காலை மிதித்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கால்வாய்க்கரைத் துலுக்காணமா? வாங்க, கேக்கற மாதிரி நான் கேக்கறேன்" என்றார் ஏட்டு. அந்தக் குரலைக் கேட்டவுடனேயே, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் எண்ணூரில் இறங்கி அவர் பின்னாலேயே நடந்தேன்.

துலுக்காணம் லாரியின் கூரை மேல் இருந்தார்.

"எறங்குடா. இவர் பலகை எங்கே?"

அவர் இறங்கி வந்தார். ஏட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மாத்திட்டேன்" என்றார்.

"யாருக்கு வித்தே?"

துலுக்காணம் கையில் ஒட்டியிருந்த குங்கிலியத்தை வேட்டியில் துடைத்தார். ஏட்டு அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கரையோரமாக நடத்திப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்து புகார் எழுதிக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார். அப்போது மணி ஒன்பது.

சௌந்தரம் பட்டறையைச் சுற்றி வந்தாள். கவிழ்த்த படகுக்குப் பின்னால் ஒரு முழத் துண்டுப் பலகை வெயிலில் கிடந்தது. மூலையில் என் கீறல் இருந்தது. அடைத்து மறைத்திருந்த மெழுகு வெயிலுக்கு உருகி, விரல் நுழையும் அளவில் இரண்டு ஓட்டைகள் திறந்திருந்தன. சீவிய பக்கம் எண்ணெயும் மினுமினுப்புமாக இருந்தது. அறுத்த பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அசல் பளிங்குக் கல்லில் இழைத்த லென்ஸா, வெறும் கண்ணாடியா என்று தெரிய நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்போம். கல் ஜில்லென்று இருக்கும். பல வருஷமாக எனக்கு அதைச் செய்து தருபவள் சௌந்தரம்தான். அவள் பலகைத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள், துப்பினாள், என்னிடம் நீட்டினாள்.

ஊறுகாய்ப் பானையின் அடியை நக்கியதுபோல இருந்தது. எத்தனையோ வருஷம் கடலுக்குள்ளேயே கிடந்த அடிப்பலகை. உப்பு ஏறிய மரம் காயாது. மழைக்காலம் வந்தால் கசியும், ஆணி அரிக்கும், தகரம் துரு ஏறிப் பொத்துப்போகும். அலமாரியோடு லென்ஸ்கள் எல்லாம் கீழே வரும்.

அப்போதும் என் சந்தேகம் அடங்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கூண்டுக்குள் ஏறி, அதற்குள் அடித்திருந்த புதுப் பலகைகளையும் ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தேன். வெறும் மரக் கசப்புதான்.

"திருடறவன் நல்லதை எடுத்துட்டுக் கெட்டதை வைப்பான். இது தலைகீழா இருக்கே" என்றாள் சௌந்தரம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு மணலில் அரை மைல் ஓடினேன். ஏட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துலுக்காணம் வெயிலில் குந்தியிருந்தார். பலகையை மாற்றச் சொன்னது நான்தான், மறந்துவிட்டேன் என்றேன்.

"மறந்துட்டீங்க."

"ஆமாம்."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கறீங்க. மொதல்ல ஒண்ணு நீங்க போட்டுக்குங்க" என்றார் அவர். பதினொன்றரை மணி வரை எங்கள் இருவரையும் காக்க வைத்த பிறகுதான் விட்டார்.

திரும்பி வரும்போது துலுக்காணத்தின் இடது காது சிவந்து வீங்கியிருந்தது. பாதி வழி வந்தோம். பிறகு, "தப்புப் பண்ணிட்டேன் மேஸ்திரி" என்றேன்.

"சந்தேகம் வர்றது தப்பு இல்ல நைனா. கண்ணு கீது, வரும். என்னைக் கேக்காம அவனாண்ட போனே பாரு, அதான் தப்பு."

"நீங்களும் என்கிட்ட சொல்லலியே."

அவர் நின்றார். "எப்டி சொல்றது? சொன்னா நீ நேரா அண்ணாச்சியாண்ட போயி கத்துவே. அப்பால வேலூருக்குப் போய்டுவே. நான் இங்கதானே கீறேன். அவரு அனுப்பற ஆளுதான் எனக்குக் கஞ்சி." மறுபடி நடந்தார். "ஒண்ணை அறுத்துப் பாத்தேன். பதினொண்ணு நல்ல மரம், பதினொண்ணு அடிமரம். கலந்து குட்த்துகீறாரு. படகுல ஏத்திகினு போயி அவரு கடையாண்ட எறக்கினேன். அவரும் பேசல, நானும் பேசல. நல்லதா எட்த்துகினு வந்துட்டேன்."

"இது மாதிரி முன்னயும் உண்டா?"

"ரெண்டு மூணு தபா."

பட்டறைக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு உளியை எடுத்தார். சௌந்தரம் காதுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்தாள். துணியை மட்டும் வாங்கிக்கொண்டு, "நீ உள்ள வா ம்மா, அலமாரி ஒசரம் சொல்லு" என்றார்.

வெள்ளியும் சனியும் வேலை நடந்தது. கட்டிலுக்குக் கப்பல் கதவின் கீல்கள். அலமாரி விளிம்பில் ஏதோ ஒரு கேப்டன் அறையிலிருந்து வந்த கொடிச் செதுக்கல், இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உடைந்த இடத்தை ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சௌந்தரம் சொன்னதும் அவர் முதல் முறையாகச் சிரித்தார். எண்ணெய் மூன்று தரம் ஏறியது. சனிக்கிழமை மாலை நான்கு மணி வெயில் வட்ட ஜன்னல் வழியாக விழுந்தபோது, அதை அந்தத் தகரக் கூண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவர் அளவுக் கயிற்றைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பதைக் கவனித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கூலியைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து அவருக்குச் சரியாக வரும் ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினேன். போட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்லாத்தான் கீது. இப்ப வேணாம் நைனா."

"ஏன்?"

"காது வலி போவட்டும்." கூலியை மடியில் முடிந்துகொண்டு, "போவும்போது அண்ணாச்சி கடையாண்ட ஒண்ணும் பேசாதே" என்றார்.

பத்து மணிக்கு ராயபுரம். கடை வாசலில் நின்ற ஞானமுத்து எங்கள் லாரியைக் கண்டதும் தெருவுக்கே வந்துவிட்டார். நான் நிறுத்தினேன். பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். சுவர்களைப் பார்த்தவர் என்னைப் பார்க்கவில்லை.

"எப்படி அமைஞ்சிருக்கு ஐயா?"

நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. "நல்லா இருக்கு அண்ணாச்சி. உங்க ஓடாவி கெட்டிக்காரர்" என்றேன்.

"அவன் அப்படித்தான்" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். என் முகத்தில் அவர் எதைப் படித்தாரோ தெரியாது. நான் பேசாமல் வந்தது சரியா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அடுத்த ஆள் ஏமாந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

வேலூரில் எனக்கு எல்லோரையும் தெரியும். யார் மகன், யார் மருமகன் என்று தெரிந்தால் போதும். நம்புவதற்கோ நம்பாமல் இருப்பதற்கோ யோசிக்க வேண்டியதே இல்லை. எண்ணூரில் எனக்கு யாரையும் தெரியாது. தெரியாத ஊரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கீறல் போட்டுத் தெரிந்துகொள்ளப் பார்த்தேன். இப்போது ஊர் ஊராகப் போகிறோம். உடைந்த கண்ணாடியோடு வருகிறவர்களிடம், முன்பெல்லாம் கண்ணாடியை வாங்கி விரிசலைப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வருவேன். இப்போது பலகைமேல் அவர்களை உட்கார வைத்து, என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சிலர் சொல்கிறார்கள். சொல்லாதவர்களிடம் இரண்டாம் தடவையும் கேட்கிறேன்.