ருசி பார்க்காத கை

அந்த வருஷத்தின் முதல் திமிங்கிலம் வந்த காலையில் ஹருயே வாளியோடு வரிசையில் நின்றாள். கோடை வந்தால் ஜப்பானின் வதா துறைமுகத்தில் எல்லாரும் நிற்கிற வரிசைதான். அவள் மட்டும் அதுவரை நின்றதில்லை. கணவர் கென்சாக்கு அறுப்புக் கொட்டகையில் கத்தி பிடித்தவர். இறைச்சி அவர் கையோடு வீட்டுக்கு வந்துவிடும். பனிக்காலக் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இரவெல்லாம் கடல்நீரில் கட்டிப்போட்டிருந்த உடலை விடியலில் சரிவின்மேல் இழுத்திருந்தார்கள். மூக்கு நீண்ட, கரிய உடல். ஆட்கள் நீளக் கத்திகளோடு சுற்றி நின்றார்கள். குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

“வாளி பெருசா இருக்கே, ஹருயே. ஊருக்கே விருந்து வைக்கப் போறியா?” என்றாள் பின்னால் நின்ற யோஷினோ. பக்கத்து வீட்டுக்காரி, வயதில் மூத்தவள்.

“உங்க மூங்கில் குருத்தைத் தின்னு ஏப்பம் விட்டாச்சே அக்கா. திருப்பித் தர வேணாமா?”

“தந்துதான் ஆகணும். போன வருஷம் உன் தாரேயை வாயில போட்டதுலேருந்து எங்க வீட்டுக் கிழவன் என்னோடதைத் தொட மாட்டேங்கறான். பூனைக்குப் போடறான். பூனையும் மோந்து பாத்துட்டு உன் வீட்டுப் பக்கம் பாக்குது.”

வரிசை சிரித்தது. ஹருயேயும் சிரித்தாள்.

இறைச்சியைப் பட்டை பட்டையாக அரிந்து, சோயா சாஸும் அரிசி மதுவும் இஞ்சியும் கலந்த சாற்றில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தால் அது தாரே. கறுத்து, விறைத்துப்போகும். நெருப்பில் வாட்டிப் பிய்த்துத் தின்ன வேண்டும். வீட்டுக்கு வீடு ருசி வேறு. கண்ணைக் கட்டிவிட்டாலும் இது இன்னார் வீட்டுத் தாரே என்று சொல்லிவிடுவார்கள். ஹருயே வீட்டுத் தாரேக்கு ஊரில் தனிப் பேர்.

அதை ஹருயே ஒருநாளும் தின்றதில்லை. அது தெரிந்த ஒரே ஆள் இறந்துவிட்டார்.

அவள் மலைநாட்டுப் பெண். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டோடு போட்ட பொரித்த திமிங்கிலத்தை எல்லாப் பிள்ளைகளையும் போல மென்று மென்று, முடியாமல் விழுங்கியிருக்கிறாள். அவ்வளவுதான். கல்யாணமாகி வந்தது இலையுதிர்காலத்தில். அந்த வருஷ வேட்டை முடிந்திருந்தது. அடுத்த கோடையில் வயிற்றில் குழந்தை, வாடையே ஆகவில்லை. அதற்கடுத்த கோடையில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கணவருக்குச் சாப்பாடு எடுத்துப்போனாள்.

கென்சாக்கு கத்தியை இழுத்த இடத்திலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது. கொழுப்பு என்று நினைத்தாள். கெட்டியாக வந்து, சிவப்புத் தண்ணீரோடு சேராமல் தனியே ஓடி, வடிகாலில் விழுந்தது. பால். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹருயேக்கு மார் சுரந்து சட்டை நனைந்தது. சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை சொன்னாள்: “நான் இதைத் தின்ன மாட்டேன்.”

கென்சாக்கு வெகுநேரம் கை கழுவினார்.

“தின்னாதே. எனக்கு இது வேலை. உனக்கு என்ன வந்துது?” துணியில் கையைத் துடைத்தார். “ஆனா ஒண்ணு. கொன்னாச்சு. கொன்னதைக் கெடுத்துச் சமைச்சா அது இன்னொரு பாவம். கை உன்னோடதா இருக்கட்டும். வாய் என்னோடது.”

அன்றிலிருந்து அப்படியேதான். சாற்றில் ஊறிய துண்டை எடுத்து, வாட்டி, ஊதி, அவர் வாயில் வைப்பாள். அவர் கண்ணை மூடி மெல்லுவார். ஒரு விரலை உயர்த்தினால் இன்னும் ஒரு கரண்டி சோயா. இரண்டு விரல் என்றால் இஞ்சி. கையை மூடிக்கொண்டால் போதும். ஒரு திமிங்கிலத்துக்கு ஆன அளவு இன்னொன்றுக்கு ஆகாது. அதனால் அவளுக்கு அளவு எதுவும் தெரியாது. அவர் விரல்கள்தான் தெரியும்.

வரிசையிலிருந்து வீடு திரும்பி வாளியை இறக்கும்போது மகள் சியாகி ஓசாகாவிலிருந்து போனில் பேசினாள்.

“அம்மா, அப்பாதான் இல்லையே. இனியாவது நிறுத்தக் கூடாதா? நம்மளை மாதிரியே குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜீவன். எப்படித்தான் வாயில வைக்கறீங்களோ.”

“ஐஸ் கரையுது. அப்புறம் பேசறேன்.”

மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை அந்தப் பக்கம் தனியே விட்டுவிட்டு மகள் பக்கம் போய் நின்றது போலாகும். அவர் இருந்தபோது செய்யாததை இப்போது செய்வானேன்.

அரிந்தாள். ஊறப்போட்டாள். ஒரு துண்டை வாட்டி, வழக்கப்படி ஊதினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. சின்னத் தட்டில் வைத்துப் பூஜை மாடத்துக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார்ந்தாள். யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய கென்சாக்குவின் முகம் அங்கே இருந்தது. தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. கை இல்லை.

துண்டு ஆறிப்போனது. நிறத்தைப் பார்த்து, வாசனையைப் பார்த்து, இவ்வளவு போதும் என்று காயப்போட்டாள். காய்ந்ததும் வழக்கமான மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, கழுவிய தட்டில் கத்தரிக்காய் வைத்து யோஷினோ எடுத்துவந்தாள்.

“ரொம்ப நன்றி. நல்லா இருந்தது” என்று குனிந்து வணங்கினாள்.

பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹருயே தட்டை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திய பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தது.

அடுத்த திமிங்கிலம் வந்தபோது போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கடைசியாகத் தன் வீட்டிலிருந்து போனது கெட்டுப்போன தாரேயாக இருக்கக் கூடாது. வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கென்சாக்குவோடு வேலை பார்த்த இவாசே முதுகுப்பக்கத் துண்டைப் பார்த்து எடுத்துப் போட்டான்.

“ஆணா, பொண்ணா?”

“ஆண்தான்” என்றான் இவாசே. “ஏன், சம்பந்தம் பேசப் போறீங்களா?”

ஆண் என்றால் பரவாயில்லையா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். பரவாயில்லை என்று தோன்றவில்லை.

சாறு கலந்தாள். சோயாவைப் பயந்து பயந்து ஊற்றினாள். துண்டு ஊறியது. எடுத்து வாட்டினாள். இந்தத் தடவை மாடத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலில் புகை. பிறகு சோயா, இஞ்சி. அதற்குப் பின்னால் இரும்பு. ஊசி குத்திய விரலைச் சூப்பினால் வருகிற ருசி. மென்றுகொண்டே இருந்தால் கடைசியில் லேசாக ஒரு இனிப்பு. குமட்டும் என்று நினைத்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. நன்றாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆனால் தன் வீட்டு ருசி இதுதானா? தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நாக்கில் பழையது எதுவும் இல்லை. இவ்வளவு காலமும் அது இன்னொரு வாயில் இருந்தது. அந்த வாய் எரிந்துவிட்டது.

இன்னொரு துண்டை வாட்டிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். யோஷினோ துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“வாயைத் திறங்க அக்கா.”

“என்னடி இது, எனக்குச் சோறூட்டற வயசா?” என்றாலும் வாங்கிக்கொண்டாள். பொய்ப்பல், மெல்ல நேரமாயிற்று.

“எங்க வீட்டு ருசியா, சொல்லுங்க.”

“நீ பாக்கலையா?”

“பாத்தேன். எனக்குத் தெரியல. நான் இதைத் தின்னதே இல்ல. இன்னிக்குத்தான் முதல்தடவை. எப்பவும் அவர்தான் ருசி பாப்பாரு.”

“போடி. யாருகிட்ட கதை விடற?”

ஹருயே சிரிக்கவில்லை. யோஷினோ மெல்லுவதை நிறுத்தினாள்.

“அப்ப போன தடவை?”

“யாரும் பாக்கல.”

“அதான் உப்பாக் கரிச்சுது. புருஷன் போன துக்கத்துல கை தவறிடுச்சாக்கும்னு நெனச்சேன். சொன்னா அழுதுடுவியோன்னு பேசாம இருந்துட்டேன்.” ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். “ஏன் தின்னல நீ?”

“சியாகி கைக்குழந்தையா இருந்தப்ப கொட்டகைக்குப் போனேன். அறுக்கும்போது பால் ஓடிச்சு. பாத்துட்டேன்.”

யோஷினோ அந்த ஊரிலேயே பிறந்தவள். தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்துக் கொடியில் விரித்தாள்.

“நாங்க எல்லாரும் பாத்திருக்கோம்” என்றாள்.

“பாத்துட்டு?”

“பாத்துட்டுத் தின்னோம்.”

காற்றில் போர்வை ஒன்று இருவருக்கும் நடுவில் வந்து போனது.

“இது கரிக்கல” என்றாள் யோஷினோ. “கொஞ்சம் சப்புன்னு இருக்கு.”

“அவர் பாத்த மாதிரி இருக்கா?”

யோஷினோ வாய்க்குள் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள்.

“தின்னது போன வருஷம், ஹருயே. நல்லா இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு. எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல.”

ஹருயே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுபடி ஒரு துண்டை எடுத்து வாட்டினாள். ஊதினாள். ஊதி நீட்டிய கை, எதிரே வாய் இல்லாமல் அப்படியே நின்றது. திருப்பித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி மென்றாள். இரும்பு வந்தது. இனிப்பு வரட்டும் என்று காத்திருந்தாள்.

இடது கையில் ஒரு விரல் உயர்ந்தது.

கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். பிறகு சோயாப் புட்டியை எடுத்து ஒரு கரண்டி ஊற்றினாள்.