கூப்பிடும்வரை காத்திருக்கவும்

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவளுக்கு, வருவோர் போவோர் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர் டோக்கன் அக்கா. அவளைவிட மூத்த கிழவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய தொண்டை அப்படி. வேறு இடத்தில் சுவரில் எண் மின்னினால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். இங்கே சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு எண் மின்னினால் என்ன, மின்னாவிட்டால் என்ன? கத்தித்தான் ஆக வேண்டும். அவளும் வருஷக்கணக்காகக் கத்தினாள், ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு ஒரு பெரிய மனிதர் மருந்து விட்ட கையோடு கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா? "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நர்ஸ் பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசவும் ஆரம்பித்தார்.

"கண்ண மூடுங்க! வாயையும் மூடுங்க!" என்றாள் டோக்கன் அக்கா.

துணைக்கு வந்த எவனோ அதைப் படம் பிடித்துவிட்டான். மறுநாள் அந்த ஒரு வரி மட்டும் டிரம் சத்தத்தோடு ஊரார் போனிலெல்லாம் சுற்றியது. நர்ஸை ஏசிய பகுதி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அதில் கிடையாது. "இது கண் ஆஸ்பத்திரியா, காது ஆஸ்பத்திரியா?" என்று அதன் கீழே எழுதினார் ஒருவர். "இந்த மூஞ்சியப் பாக்கறதுக்குக் கண்ணு தெரியாமலே இருக்கலாம்" என்றார் இன்னொருவர். இவர் அங்கே வைத்துக்கொண்டிருந்த பெயர் 'அன்பே உலகம்'. நல்ல அன்பு!

சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்ல வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். "அதெல்லாம் நீங்க படிக்கவே படிக்காதீங்க அண்ணி" என்று போனில் உருகிய நாத்தனார், பொறுக்கியெடுத்த ஏழெட்டைத் தானே படித்தும் காட்டினாள். ஆஸ்பத்திரி மேனேஜர், பேர் கெட்டுவிட்டதே என்று இரண்டு நாள் தலையில் கை வைத்தார். அவளைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வர ஆரம்பித்ததும், "இன்னும் கொஞ்சம் சத்தமாவே கூப்பிடும்மா" என்றார்.

இதெல்லாம் அவளுக்குத் தூசு. அவளைச் சுட்டது ஒன்றுதான். பத்தாவது படிக்கும் மகள் வகுப்புக்குள் நுழைந்தாலே, எல்லாரும் கண்ணை மூடி வாயைப் பொத்திக்கொள்கிறார்களாம்.

"ஸ்கூல் பக்கம் வந்துடாதம்மா. என்னைக்காவது மெதுவாப் பேசியிருக்கியா நீ?" என்று சொல்லிவிட்டு மகள் அறைக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு பேசவே இல்லை. ஒரே பிள்ளை. சோறு இறங்குமா?

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, போனில் அந்தப் பேச்சுகளையெல்லாம் அவள் முதல் தடவையாகப் படித்தாள். அடேயப்பா, என்ன கூட்டம், என்ன இடி! கூட்டத்தைக் கண்டால் அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். முதல் ஆளுக்குக் கீழே தட்டினாள்: "உங்கள் டோக்கன் எண் 1. கூப்பிடும்வரை காத்திருக்கவும்."

அப்படியே ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே போனாள். யார், எவர் என்று பார்க்கவில்லை. "யார்கிட்ட பேசறேன்னு தெரியுமா?" என்று அன்பே உலகம் குதித்தார். "வரிசையில் வரவும்" என்று பதில் போட்டாள். இரண்டாவது தடவை திட்டியவரிடம், ஒருவருக்கு ஒரு டோக்கன்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சில நாளில், "எனக்கு முன்னாடி அவனுக்கு எப்படிக் கொடுத்தீங்க?" என்று அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. வரிசை என்று ஒன்று இருந்துவிட்டால், எதற்கு நிற்கிறோம் என்பதே மறந்துபோகிற பிறவிகள் நாம்.

ஊர் வாய் அடங்கியது, வீட்டுக் கதவுதான் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் கடைசி வரிசையில் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். தன் மகள்தான் என்று தெரிந்ததும் டோக்கன் அக்காவுக்குப் பகீரென்றது.

"என்னடி ஆச்சு கண்ணுக்கு?"

மகள் கவுண்ட்டருக்கு வந்து போனை நீட்டினாள். பூனைப் படம் போட்ட ஒரு கணக்கு. "எனக்கு இப்படி ஒரு அம்மா இருந்தா வீட்டை விட்டே ஓடிடுவேன்" என்று எழுதியிருந்தது. அதன் கீழே அம்மாவே கொடுத்த டோக்கன், எண் 47.

"நான்தாம்மா எழுதுனேன். நீயும் ஒண்ணு எழுதுனா உன்ன விட்டுடறோம்னு கிளாஸ்ல சொன்னாங்க."

"விட்டாங்களா?"

"இல்ல." மகள் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "நீ இன்னும் என்னைக் கூப்பிடல."

டோக்கன் அக்காவுக்கு ஊரே திட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"போய் உட்காரு" என்றாள்.

மகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அன்றைய நாற்பத்தேழு காலையிலேயே கண்ணைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தது. டோக்கன் அக்கா கவுண்ட்டரில் பேருக்கு இருந்த மைக்கை ஒதுக்கி வைத்தாள்.

"நாப்பத்தேழூ!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உடனே நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மகள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து நின்றாள், கன்னமெல்லாம் கண்ணீர்.

பக்கத்தில் கண்ணை மூடியிருந்த பெரியவர், "மருந்து எரியுதா பாப்பா?" என்றார்.

"இல்லைங்க. கூப்பிடறது எங்கம்மா!" என்றாள் மகள். ஹால் முழுக்கக் கேட்டது. அவளுக்கும் அதே தொண்டை.