ரிங்கிட்டா, ரூபாயா?

எங்களுக்குக் குடவாசல் பக்கம். அப்பாவின் நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன்கள் மீது வழக்குப் போட்டபோது ஊரே என்னைப் பேசியது. கணவரும், "நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். நான் விடவில்லை. தீர்ப்பு வந்து, என் பங்கில் விளைந்த நெல்லை விற்ற பணத்தை என் பெயரிலேயே பேங்கில் போட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் அவருடைய சேமிப்பில் மலேசியா சுற்றிப் பார்க்கப் போனோம். பினாங்கில் ஓட்டல் அறையைக் காலி செய்யும்போது அவருடைய கார்டு வேலை செய்யவில்லை. மாற்றி வைத்திருந்த ரிங்கிட்டும் தீர்ந்திருந்தது. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

நான் கைப்பையிலிருந்து என் கார்டை எடுத்து நீட்டினேன். வெளிநாட்டிலும் செல்லும்படி கிளம்பும் முன்பே பேங்கில் சொல்லி வைத்திருந்தேன்.

"இது ஏது?" என்றார்.

"என் நெல்லுப் பணங்க. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயந்தேன்."

வரவேற்பில் இருந்த தமிழ்ப் பெண் கார்டை மெஷினில் செருகிவிட்டு அவரிடமே கேட்டாள். "ரிங்கிட்ல எடுக்கவா, ரூபாய்லயா சார்?"

அவர் அவளிடம், "அவங்களைக் கேளும்மா. அவங்க பணம்" என்றார்.

வீட்டில் நான் எப்போதும் 'அவ'தான்.

"ரிங்கிட்லயே எடும்மா. ரூபாய்ல எடுத்தா அதிகமாப் பிடிப்பாங்க" என்று சொல்லி, ரகசிய எண்ணை நானே அழுத்தினேன்.

கோர்ட்டில் ஜெயித்த அன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.