வாக்கர் என்ன கூட்டம்?

செல்லாத்தாள் அக்காவிடம் ஒரு பழக்கம். புதிதாக யாரைக் கண்டாலும் பேர் கேட்பதற்கு முன்னால் கூட்டம் கேட்டுவிடுவாள். நான் சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் இந்தப் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் முதல் நாள் நின்றபோதும் அதுதான் நடந்தது. “எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க?” என்றாள். எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். “கூட்டமே இல்லாம எப்படிங்க பொண்ணு குடுத்து எடுக்கறீங்க?” என்று என்னைப் பாவமாகப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் அவள் நீட்டிய தயிர்சாதத்தை வேண்டாம் என்றுவிட்டேன். மறுநாள் வாங்கிச் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

கூட்டம் என்றால் என்னவென்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். இந்தப் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் ஆளுக்கொரு கூட்டத்துப் பெயர் உண்டு. ஒரே கூட்டம் என்றால் ஒரே பாட்டன் வழி, ஒரே குலதெய்வக் கோயில். முன்னே பின்னே பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் பேசக் கூடாது. செல்லாத்தாள் அக்கா அதில் கெட்டிக்காரி. தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே எதிரில் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்பாள், மூன்றாவதற்கு “அப்ப நீங்க நமக்கு மாமன் முறையாகோணுமுங்க” என்பாள். கம்பெனியில் பாதிப் பேர் அவளுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர்கள். மிச்சப் பேர் கூட்டம் தெரியாத பாவப்பட்ட ஜனம், என்னைப் போல.

இத்தனை உறவு கண்டுபிடிக்கிறவளுக்குச் சொந்தத் தம்பி இல்லை. இருக்கிறான், பெயர் கந்தவேல். காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் லாரி ஓட்டுகிறான். வாலிபத்தில் அவன் சாரதாமணி என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டான். அவளும் இவர்கள் கூட்டம். அவள் ஊர் தாராபுரம் தாண்டி எங்கேயோ இருக்கிறது, இரண்டு வீட்டுக்கும் யார் நினைவிலும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனாலும் கூட்டம் ஒன்று. அக்காவின் அப்பா அன்றைக்கே மகனைத் தலை முழுகிவிட்டார். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யவேண்டிய இணைச்சீரைச் செய்ய ஆளில்லை. செய்யவேண்டியவள் செல்லாத்தாள் அக்கா. அப்பா போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகியும் அவர் பேச்சை இவள் பிடித்துக்கொண்டிருந்தாள். கந்தவேலைப் பற்றி யாராவது வாயெடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். என்ன நெஞ்சழுத்தம் இது என்று நான் பலமுறை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

போன ஆனி மாதம் கந்தவேலே கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றான். சாப்பாட்டு நேரம். கூட நானும் இருந்தேன். அவன் மகள் வர்ஷினிக்கு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்களாம்: பெண்ணின் அப்பா பக்கத்திலிருந்து ஒருத்தராவது நிச்சயத்தில் வந்து நிற்க வேண்டும். ஒருத்தரும் வரவில்லை என்றால் அந்த வீட்டில் என்னவோ இருக்கிறது என்று பேச்சு வரும், யோசிக்கவேண்டி இருக்கும் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள்.

“வெள்ளிக்கெழம நிச்சயமுங்க அக்கா. நீங்க வந்தாத்தான் நடக்குமுங்க” என்றான். கூடப்பிறந்தவளிடமே வேற்றாளிடம் பேசுவதுபோலப் பேசினான்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே போய், “ஏக்கா, ஒரு நாய் வந்து நின்னாக்கூட ஒரு வாய் சோறு வைப்பியே” என்றேன். அன்று சாயங்காலம் எனக்குக் காத்திராமல் தனியாகக் கிளம்பிவிட்டாள்.

அந்த வாரம்தான் இங்கிலாந்திலிருந்து, எங்களிடம் துணி வாங்குகிற பையர் சார்பில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓர் அம்மா வந்தார். பெயர் ஹெலன் வாக்கர். நரைத்த தலை, தட்டையான செருப்பு, சிடுசிடுப்பு இல்லாத முகம். அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப்போகிறாராம். எங்கள் கம்பெனியில் பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் சித்ரகலா கூடவே நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் டேபிளுக்கு வந்தார்கள். செல்லாத்தாள் அக்கா விடுவாளா?

“சித்ரா கண்ணு, அந்தம்மா என்ன கூட்டம்னு கேளு.”

சித்ரகலா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனாலும் ஏதோ ஒரு மாதிரி கேட்டாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே தன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினார். வாக்கர். அதுதான் குடும்பப் பெயராம், அப்பா வழியில் வருவதாம்.

“அவிங்க அம்மா பொறந்த ஊட்டுப் பேரு?”

அதுவும் வாக்கர்தான் என்றார் அந்தம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா கையெழுத்தைக்கூட மாற்றவேண்டியிருக்கவில்லை என்று வீட்டில் கேலி பேசுவார்களாம்.

சித்ரகலா அதை மொழிபெயர்த்ததும் அக்கா கையில் இருந்த பனியன் பீஸைக் கீழே வைத்துவிட்டாள். “பங்காளியையா கட்டிக்கிட்டாங்க?” என்று என் காதில் கேட்டாள். அப்புறம் அந்தம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். ஊமையோ நொண்டியோ இல்லாமல், நல்லா வளர்ந்து, ரிட்டையர் ஆகிற வயதுவரை வந்து நிற்கிற மனுஷியை அப்படிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராதா? வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் டீ நேரத்துக்கு அந்தம்மா வரும்வரை பொறுக்கவில்லை, சித்ரகலாவைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். அந்த வாக்கர் என்கிற பேர் எங்கிருந்து வந்தது, முதல் வாக்கர் யார், கோயில் எங்கே என்று ஒன்று விடாமல் கேட்டாள். அந்தம்மாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அவர் அப்பா இந்த மாதிரி விஷயங்களில் பைத்தியமாம்.

வாக்கர் என்றால் நடக்கிறவர் என்று நாங்கள் நினைத்ததில் பாதிதான் சரி. ரோட்டில் நடக்கிறவர் இல்லை, துணிமேல் நடக்கிறவர். அந்தக் காலத்தில் கம்பளித் துணியை நெய்து எடுத்தால் சல்லடை மாதிரி இருக்குமாம். அதைத் தொட்டியில் போட்டு ஆட்கள் ஏறி மணிக்கணக்கில் மிதிப்பார்களாம். மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கி இறுகி, குளிர் தாங்குகிற துணியாகுமாம். தொட்டியில் என்ன ஊற்றுவார்கள் என்று அக்கா கேட்டாள். புளிக்கவைத்த மனுஷ மூத்திரம் என்று சித்ரகலா மூக்கைச் சுருக்கிக்கொண்டே சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருந்த நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அக்காவோ முகம் மலர்ந்துபோனாள். “அட, நம்ம காம்பேக்டிங் காரங்க” என்றாள். துணி பின்னால் சுருங்காமல் இருப்பதற்காகச் சூட்டில் அழுத்தி எடுக்கிற காம்பேக்டிங் யூனிட் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கிறது. மிஷின் வந்து ஒருத்தரும் மிதிக்காத காலத்திலும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டதில் அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அந்தம்மா போனில் ஒரு மேப் எடுத்துக் காட்டினார். எந்தப் பேர்க்காரர்கள் எங்கே அதிகம் என்று நிறம் பூசிய மேப். வாக்கர் என்று போட்டால் இங்கிலாந்தின் வடக்குப் பக்கமும் அதற்கு மேலே ஸ்காட்லாந்தும் அடர் நிறமாயின. தென்கிழக்கில் அதே வேலை செய்தவனுக்கு ஃபுல்லர் என்று பேராம். தென்மேற்கில் டக்கர். அவர் ஒவ்வொரு பேராகப் போடப் போட, நிறம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது. வேலை ஒன்று, பேர் மூன்று. அக்கா போனை வாங்கி, நெல் உலர்த்துகிறவள் களத்தைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப முதல் பாட்டன் யாருங்க?”

அப்படி ஒருத்தர் இல்லை என்றார் அந்தம்மா. ஊருக்கு ஊர் ஒருத்தன் துணி மிதித்தான். அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பேர்கள் நிலைக்க ஆரம்பித்தபோது அவனவன் பிள்ளைகளுக்கு அதுவே பேராக நின்றது. சில இடங்களில் காட்டைச் சுற்றிவந்த காவல்காரனுக்கும் அதே பேர் வந்திருக்கலாமாம். இப்போது இங்கிலாந்தில் இருப்பதைவிட அமெரிக்காவில்தான் வாக்கர்கள் அதிகம். அதில் கறுப்பு ஜனமும் நிறைய. அடிமையாகப் பிடித்துப் போனவர்களில் பலருக்கு முதலாளியின் பேர்தான் ஒட்டியது. இதைச் சொல்லும்போது அந்தம்மா முகம் சிறுத்தது.

“பேரையுமா புடுங்கிட்டாங்க? பாவிங்க” என்றாள் அக்கா.

நான் சும்மா இருப்பேனா? இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டேன். “பாத்தியாக்கா, பேரு ஒண்ணா இருந்தா ரத்தம் ஒண்ணுன்னு இல்ல. ஒன் தம்பி மட்டும் என்ன கொலையா பண்ணிட்டான்?”

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “அவிங்களுக்குத் தொழில்ல வந்த பேரு ராமுத்தாயி. எங்களுக்குக் கோயில்ல வந்தது. ரெண்டையும் கொண்டாந்து ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதே.”

நியாயம்தான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் அந்தம்மா ஊருக்குக் கிளம்புகிற நாள். கடைசி ரவுண்டாக எங்கள் டேபிளுக்கு வந்தார். அக்கா தலை நிமிராமல் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டாள்: “ஒரே பேர்ல கட்டுனாங்களே, அவிங்க ஊட்ல யாருமே ஒண்ணும் சொல்லலீங்களா?”

பேரைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையாம். ஆனால் அப்பா கிறிஸ்தவத்தில் ஒரு சபை, அம்மா வேறு சபை. அப்பாவின் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. இவர்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் அந்த அத்தை குடியிருந்தார்களாம். கடையில் எதிரே பார்த்தால் பக்கத்து வரிசைக்குத் திரும்பிவிடுவார்களாம்.

“அந்த அத்தை பேரு?”

“அவங்களும் வாக்கர்தாங்க்கா. கடைசிவரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல” என்றாள் சித்ரகலா. அந்தம்மா மேலும் ஏதோ சொன்னார். சித்ரகலா கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் சொன்னாள். “அத்தை சாவுக்குப் போனப்பதான் அவங்க முகத்தை இவங்க நேரா நின்னு பாத்தாங்களாம். மூக்கு அச்சா இவங்க மூக்கு மாதிரியே இருந்துச்சாம்.”

அக்காவின் கத்தரி துணிக்குள் இறங்கிவிட்டது. நல்ல பீஸ், நெஞ்சுக்கு நேரே ஓட்டை. இத்தனை வருஷத்தில் அவள் கையால் ஒரு பீஸ் கெட்டு நான் பார்த்ததில்லை. அவள் அதை ரிஜெக்ட் கூடையில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு லீவு சொல்லு. நீயும் எங்கூட வர்றே” என்றாள்.

அவள் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் காங்கேயம் போய் இறங்கினோம். எனக்கு ஒரு பயம் இருந்தது. வந்து நிற்பாள், சரி. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கூட்டம் கேட்டால் என்ன சொல்வாள்? நல்ல காரியம் நடக்கவேண்டும் என்று சாரதாமணிக்கு வேறு கூட்டம் சொல்லிவிட்டால், பின்னால் ஒருநாள் அது வெடிக்காதா?

கந்தவேல் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். சாரதாமணி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன், நானாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். வர்ஷினிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா சொம்பை வாங்காமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். நெற்றியும் தாடையும் அப்படியே செல்லாத்தாள் அக்கா.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா பெரியாத்தாள், செல்லாத்தாள் அக்காவைப் பார்த்து, “நீங்கதான் பொண்ணுக்கு அத்தைங்களா? பொண்ணோட அப்பன், ஆத்தா ரெண்டு பேரும் ஒரே கூட்டம்னு ஒரு பேச்சு அடிபடுது. நெசமுங்களா?” என்று நேராகவே கேட்டுவிட்டார். கந்தவேல் தரையைப் பார்த்தான்.

“நெசந்தானுங்க” என்றாள் அக்கா. “எங்கூட்டமேதானுங்க அவளும். அதுக்காவத்தான் எங்கப்பன் இவனெத் தல முழுகுனாரு. அதுக்காவத்தான் நானு இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கலீங்க. இந்தப் புள்ளெ பொறந்தப்பவும் வரலீங்க, சடங்குக்கும் வரலீங்க. அவிங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் பண்ணுலீங்க. பண்ணுனது நானுங்க. கொறைன்னு ஒண்ணு இருந்தா அது இந்த அத்தைதானுங்க, பொண்ணு இல்லீங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

பெரியாத்தாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் அசைத்தார். “எங்களுக்கு நாலு பேரு நாலு விதமாச் சொன்னாங்க. ஒருத்தரும் இப்படி மூஞ்சிக்கு நேரா உள்ளதெச் சொல்லுலீங்க” என்றார் பெரியாத்தாள். “பொண்ணு ஊட்டுத் தட்டெ அத்தையே எடுத்துக் குடுக்கட்டும்.”

அக்கா தட்டைத் தூக்கினாள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், சேலை எல்லாம் வைத்த பித்தளைத் தாம்பாளம், நல்ல கனம். தட்டு சாய்ந்தது. தேங்காய் ஒரு பக்கமாக உருண்டது. நான் எழுந்திருப்பதற்குள் உள்ளேயிருந்து சாரதாமணி வந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத்தான் கொடுத்தார்கள். அக்கா அவளை நிமிர்ந்து பார்க்க மாட்டாமல் நின்றாள்.

“சாப்புடாமப் போயிராதீங்க” என்றாள் சாரதாமணி.