மூன்று ஹார்ன்

அக்காவின் பழைய லேப்டாப்பில் எச் எழுத்து மட்டும் தேய்ந்து அழிந்திருக்கும். கார் ஓட்டும் விளையாட்டில் ஹார்ன் அடிக்க அந்த விசைதான். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் நான் வேலை பார்த்த சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் அவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே மகன் கப்பலில் இன்ஜினியர். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் மூச்சு வாங்குகிறது என்று, கப்பலேறும் முன் அவனே அதற்குப் பதில் லைனக்ஸ் என்ற இலகுவான இயங்குதளத்தைப் போட்டு, அந்த விளையாட்டையும் அதில் ஓட வைத்துக் கொடுத்திருந்தான்.

அவன் அப்பா இறந்த பிறகு தாய்க்கும் மகனுக்கும் பேச்சு குறைந்துவிட்டது. போனில் "சாப்பிட்டியாலே", "ஆச்சும்மா", அவ்வளவுதான். விளையாட்டில் மட்டும் கதை வேறு. அவன் கப்பல் எங்காவது கரையைத் தொட்டு சிக்னல் கிடைத்தால், எங்கள் மதிய இடைவேளையில் இருவர் கார்களும் ஒரு பெட்ரோல் பங்க் முன்னால் சந்திக்கும்; பிறகு மலைச்சாலை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பிரியும்போது மூன்று நீண்ட ஹார்ன். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் அப்படித்தான் விடைபெறும். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா டிபன் பாக்ஸைத் திறப்பார்.

ஒருநாள் விளையாட்டில் புது அப்டேட் வந்தது. கள்ளாட்டத்தைத் தடுக்கிறோம் என்று விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் லைனக்ஸில் ஆடுபவர்கள் எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். "ஏளா, நான் என்னத்தக் களவாண்டேன்? இதக் கொஞ்சம் பாரேன்" என்றார் அக்கா. இணையத்தில் சொன்ன குறுக்குவழி அத்தனையும் செய்து பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. விண்டோஸை ஏற்றினால் கார் கட்டைவண்டியாக நகர்ந்தது. எனக்கே அலுத்துவிட்டது. மகனிடம் சொல்லுங்கள் என்றேன். "சொன்னேன். சரிம்மாங்கான். அதுக்கு மேல என்னத்தப் பேச?"

தீபாவளி போனஸில் விண்டோஸ் நன்றாக ஓடும் புது லேப்டாப் வாங்கினார். அதற்குள் மகன், "அந்த கேமெல்லாம் விட்டுட்டேம்மா" என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. இன்ஜின் அறையில் நாள் முழுக்க வெந்துவிட்டு வருகிறவன்.

வேலை மாறிப்போன நான் போன வாரம் அங்கே போயிருந்தேன். மதிய நேரம். புது லேப்டாப்பில் எல்லா எழுத்துகளும் பளிச்சென்று இருந்தன. திரையில் அதே பெட்ரோல் பங்க், ஒற்றைக் கார். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. "வருவான்னு இல்லளா. சும்மா நிறுத்திட்டுச் சாப்பிடுதேன்" என்றார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தார். எச் விசையை மூன்று முறை நீளமாக அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து லேப்டாப்பை மூடினார்.